தலைமன்னாரில் இறங்கியவர்: யாக்கோமே கொன்சல்வேஸ் அடிகளும் மன்னார்ப் பிள்ளைகளின் மேடையும்

தவக்காலத்தின் மூன்றாவது வாரம். மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றின் கோயில் முற்றத்தில் மாலைச் செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் மணலில் வட்டமாக நின்றுகொண்டார்கள். பெரிய வியாழனுக்கு மேடையேற்ற வேண்டிய திருப்பாடுகளின் காட்சிக்கு ஒத்திகை. யேசுவாக நடிக்கும் பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். இரண்டு வாழைத்தண்டைக் குறுக்கே கட்டி, அதைச் சிலுவையாகத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தான். வேறோணிக்கம்மாவாக வரும் சிறுமி தன் பாட்டை இடையில் மறந்துபோனாள். மறையாசிரியை கையிலிருந்த கொப்பியைப் புரட்டுவதற்குள், கோயில் படியில் குந்தியிருந்த ஒரு மூதாட்டி அந்த இடத்திலிருந்து எடுத்து முழுவதையும் பாடி முடித்துவிட்டார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று பிறகு சொன்னார்கள்.

அந்த அம்மம்மா பாடியது எங்கிருந்து வந்தது என்று அங்கே பலரிடம் கேட்டுப்பார்த்தேன். தாயிடமிருந்து என்றார்கள், அண்ணாவியாரிடமிருந்து என்றார்கள், பழைய பிரசங்கப் புத்தகத்திலிருந்து என்று ஒருவர் சொன்னார். அந்தப் பிரசங்கப் புத்தகத்தை எழுதியவரின் பெயர் யாருக்கும் உடனே வாயில் வரவில்லை. அவர் பெயர் யாக்கோமே கொன்சல்வேஸ். கொங்கணி பேசும் வீட்டில் பிறந்தவர். இந்தத் தீவின் மேற்கு முனையில் 1705ஆம் ஆண்டு வள்ளத்திலிருந்து இறங்கியவர். இலங்கைக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று பாடப்புத்தகங்களில் ஒரு வரியில் வந்துபோகிறவர். அவருடைய வாழ்க்கையைப் பிள்ளைகளின் ஒத்திகையிலிருந்து பின்னோக்கிச் சொல்வதுதான் சரியென்று எனக்குப் படுகிறது.

கொன்சல்வேஸ் அடிகள் 1676 ஜூன் 8ஆம் திகதி கோவாவில் திவார் என்ற இடத்தில் பிறந்தார். திவாரும் ஒரு தீவு, மண்டோவி ஆற்றுக்குள் கிடப்பது. பெற்றோர் கொங்கணிப் பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவரானவர்களின் வழியில் வந்தவர்கள். யேசு சபையினரின் கல்லூரியில் இலத்தீன், போர்த்துக்கேயம், இசை, மெய்யியல் எல்லாம் படித்தார். இசை படித்தவர் என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

அக்காலக் கோவாவில் ஐரோப்பியத் துறவற சபைகள் உள்ளூர்க்காரரைச் சேர்த்துக்கொள்வதில்லை. குருவாகலாம், ஆனால் சபைக்குள் கதவு மூடியிருந்தது. ஆகவே கோவாவின் சுதேசக் குருமார் சிலர் தங்களுக்கென்றே ஒரு கூட்டை அமைத்துக்கொண்டார்கள். அதுதான் ஒறற்றோரியன் சபை. அந்தச் சபையின் தொடக்ககாலத் தலைவர் யோசேப் வாஸ். இன்று அவரைப் புனிதர் என்று அழைக்கிறோம். 2015 ஜனவரி 14 காலை கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கொன்சல்வேஸ் அந்தச் சபையில் 1700ஆம் ஆண்டு சேர்ந்தார். வெள்ளையர் வாசலில் நிறுத்தி வைத்த மண்ணிறத் தோல்தான் இவர்கள் இலங்கைக்குள் நுழைவதற்கு உதவியது என்பது வரலாற்றின் ஒரு குறும்பு. போர்த்துக்கேயப் பாதிரியாரைத் தேடிக்கொண்டிருந்த ஒல்லாந்தக் காவலாளியின் கண்ணுக்கு, இடுப்பில் துண்டோடு நடந்து போகிற ஒரு கூலியாளோ பிச்சைக்காரரோ சந்தேகத்தைத் தரவில்லை.

மன்னாரில் அப்போது இருந்த நிலைமையைச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டுவதற்கு முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1544இல் சங்கிலி மன்னனின் ஆட்கள் மன்னாரில் வெட்டிப்போட்டவர்களின் நினைவாகத் தோட்டவெளியில் இன்றும் வேதசாட்சிகளின் இராக்கினியிடம் சனம் போகிறது. ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். குருமாரை வெளியேற்றினார்கள். கோயில்களைத் தங்கள் சீர்திருத்த சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். அதன்பின் 1687இல் யோசேப் வாஸ் பிச்சைக்கார வேடத்தில் வந்து சேரும்வரை, கிட்டத்தட்ட முப்பது வருடங்கள், இந்தக் கரையில் குருவானவரே இல்லை.

முப்பது வருடம் என்றால் ஒரு தலைமுறை. பிறந்து, வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஒரு பூசையும் காணாமல் செத்துப்போன ஆட்கள் இருந்திருப்பார்கள். ஒல்லாந்தரின் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போயாக வேண்டும், போகாவிட்டால் தாய் தகப்பனுக்குத் தண்டப்பணம். ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளிக்கூடத் தோம்பில் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் முதுசம் சேர்வதில் சிக்கல். ஆகவே பகலில் பிள்ளை ஒல்லாந்தரின் வேதபாடத்தைச் சொல்லும், இரவில் வீட்டில் தாயோடு முழங்காலில் நின்று செபமாலை சொல்லும். கோயில் என்ற ஒன்று வெளியில் இல்லாமல் போனபோது குடும்பம்தான் கோயிலாக நின்றது. மாந்தைப் பக்கமிருந்து மாதாவின் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன இருபது குடும்பங்களின் கதையும் இந்தக் காலத்துக்கு உரியதுதான். மடுத் திருப்பதியின் தொடக்கம் அதுவென்று சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறோம்.

இந்தக் கரைக்குத்தான் கொன்சல்வேஸ் வந்தார். 1705 மே மாதம் வேறு குருமாரோடு கோவாவிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்ட் இறுதியில் தலைமன்னாரில் இறங்கினார். வயது 29.

இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள அந்தக் கடலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்பதுகளிலிருந்து எத்தனை இரவுகள் எத்தனை குடும்பங்கள் குழந்தைகளின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு இதே கடலில் எதிர்த்திசையில் போயின. மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு விடியும்வரை நின்றவர்கள் இதை வாசிப்பவர்களிலேயே இருப்பீர்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் மறு பக்கமிருந்து, இங்கே பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே, இந்தக் கரைக்கு வந்தார் என்பதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

பயணத்திலேயே அவர் தமிழ் படிக்கத் தொடங்கியிருந்தார். இறங்கிய சில மாதங்களுக்குள் தமிழில் பிரசங்கம் செய்யுமளவுக்குத் தேறிவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மன்னார், அரிப்பு, முசலிப் பகுதிகள் முதலில் அவர் பொறுப்பில் வந்தன. அரிப்பு முத்துக்குளிப்பின் ஊர். சலாபம் நடக்கும் பருவத்தில் கடலோரத்தில் ஆயிரக்கணக்கில் வாடிகள் முளைக்கும். பரதவர், கரையார், கடையர், முக்குவர், சோனகர் என்று பல வகைச் சனம் கூடும். ஒரு மொழியைப் படிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. இரவில் ஒரு வீட்டில் கூட்டம் கூட்டிப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை வைத்து, விடிவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவது அக்கால ஒறற்றோரியன் குருமாரின் வழக்கம். அந்த வீடுகளில் அவர் எதைக் கேட்டிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. செத்த வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து வைக்கும் ஒப்பாரியை அவர் கேட்டிருக்காமல் இருக்க முடியாது. இது என் ஊகம்தான். ஆனால் இசை படித்த ஒருவரின் காது அந்த ஓசையைச் சும்மா விட்டிருக்காது என்பதற்கு அவர் பிற்பாடு எழுதிய தமிழே சாட்சி.

மன்னாரில் அவர் நீண்டகாலம் நிலைத்திருக்கவில்லை. யோசேப் வாஸ் அடிகள் இவரிடம் வேறொரு வேலையைக் கண்டார். கண்டிக்கு அழைத்து, சிங்களம் படிக்கச் சொன்னார். கொன்சல்வேஸ் பௌத்த பிக்குகளிடமே போய்ப் படித்தார். பேச்சுச் சிங்களத்தோடு நிற்காமல் பழைய இலக்கியச் சிங்களத்தையும் கற்றுத் தேறினார். 1707இல் பட்டத்துக்கு வந்த வீர பராக்கிரம நரேந்திரசிங்க மன்னன் அவரை மதித்தான், அரண்மனைக்கு அழைத்தான். வேறு சமயத்தாரோடு மன்னன் முன்னிலையில் தர்க்கம் செய்யும் நிலைமையும் வந்தது. கண்டி மன்னரின் நிழல் இல்லாதிருந்தால் ஒல்லாந்தக் கரையில் இந்தக் குருமாரால் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. ஒரு பௌத்த அரசு கொடுத்த அடைக்கலத்தில்தான் இலங்கைக் கத்தோலிக்கம் அந்த நூற்றாண்டைக் கடந்தது. இதை இன்று இரண்டு பக்கத்திலும் விரும்பிச் சொல்வாரில்லை.

யோசேப் வாஸ் 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். அதற்குப் பிறகான முப்பது வருடங்கள் கொன்சல்வேஸின் எழுத்து வருடங்கள். அவர் எழுதியவை 40க்கும் மேல். சிங்களத்தில்தான் அதிகம், தமிழில் பதினைந்து அளவில், மிச்சம் போர்த்துக்கேயத்திலும் பிற மொழியிலும். தமிழ் நூல்களில் தேவ அருள்வேத புராணம், சுவிசேஷ விரித்துரை, வியாகுலப் பிரசங்கம் ஆகியவை பெயர்பெற்றவை. அகராதிகளும் தொகுத்தார். அச்சுக்கூடம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. இவருக்கு ஓலையும் எழுத்தாணியும்தான். நீர்கொழும்புக்கு வடக்கே போலவத்தையில் தங்கி, எழுதுவோரை வைத்துப் படியெடுப்பித்து ஊர் ஊராக அனுப்பினார். ஒல்லாந்தர் அச்சடித்துக் கொடுத்த வேத புத்தகங்கள் கந்தோர் அலுமாரிகளில் கிடக்க, இந்த ஓலைகள் குடிசைக் கூரைகளில் செருகப்பட்டு ஊர் சுற்றின.

அதே காலத்தில் தமிழகத்தில் வேறொருவர் எழுதிக்கொண்டிருந்தார், வீரமாமுனிவர். அவர் பிறந்தது 1680இல், இவருக்கு நான்கு வயது இளையவர். இருவரும் கடல் கடந்து வந்து தமிழைக் கற்றவர்கள். முனிவரின் தேம்பாவணி கம்பனோடு வைத்துப் பார்க்கத்தக்க காவியம், புலவர்களுக்கானது. கொன்சல்வேஸ் காவியம் பாடவில்லை. எழுத்தறியாத மீனவப் பெண் ஒரு தரம் கேட்டால் விளங்க வேண்டும், மூன்று தரம் கேட்டால் வாயில் நிற்க வேண்டும், அவளிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டும். அவருக்கு அதுவே தேவைப்பட்டது. ஏனென்றால் தாங்கள் எந்த நாளும் பிடிபடலாம், மறுபடியும் முப்பது வருடம் குருவானவர் இல்லாமல் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இலக்கிய வரலாறு எழுதுபவர்கள் வீரமாமுனிவருக்குப் பக்கங்களையும் இவருக்கு ஒரு பந்தியையும் ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாகப் பிரித்திருக்கும். பூங்காவனத்தில் வியர்வை இரத்தமாக வடிந்ததிலிருந்து அடக்கம் வரை. பெயர் பிரசங்கம்தான், ஆனால் அதை யாரும் வெறுமனே வாசிப்பதில்லை. ஒருவர் இராகத்தோடு இழுத்து வாசிப்பார், சனம் முழங்காலில் நிற்கும், ஒரு கட்டத்தில் அழுகை தொடங்கும். தவக்காலத்தில் வீட்டு முற்றங்களிலும் சிற்றாலயங்களிலும் நடக்கும். இதோடு சேர்ந்து பசாம் பாடுவதும் உண்டு. அந்தச் சொல்லே போர்த்துக்கேயத்திலிருந்து வந்தது. சருவேசுரன், கஸ்தி, இஸ்பிரீத்து சாந்து என்று இன்றைய வழிபாட்டில் இல்லாமல் போன பழைய சொற்கள் இந்த மரபில் இன்னும் உயிரோடிருக்கின்றன. பிள்ளைகள் அந்தச் சொற்களில் தடக்கித் தடக்கித்தான் பழகுவார்கள்.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது தாயின் இடம். மகனைத் தேடித் தெருவில் அலைகிற தாய், பிடித்துக்கொண்டு போனவர்களைக் கேட்கிற தாய், மடியில் உடலை வாங்குகிற தாய். மன்னார் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்மாரைச் செய்திக்காகப் பல தடவை படமெடுத்திருக்கிறேன். அவர்களில் சிலரைத் தவக்காலத்தில் வியாகுலம் வாசிக்கிற இடத்திலும் கண்டிருக்கிறேன். அங்கே மரியாளுக்கு உடலாவது கிடைத்தது என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

கொன்சல்வேஸைப் பற்றி எழுதும்போது மறைக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அவர் தர்க்க நூல்களும் எழுதினார். ஒல்லாந்தரின் சபையையும் பௌத்தத்தையும் பிற சமயங்களையும் கடுமையாக மறுக்கும் நூல்கள் அவை. அந்தக் காலத்தில் எல்லாத் தரப்பும் அப்படித்தான் எழுதின என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் ஒரு சில நாட்களுக்குள் இந்த மாவட்டத்தைவிட்டு விடுதலைப் புலிகளால் துரத்தப்பட்டதைக் கண்ட மண் இது. பிறர் நம்பிக்கையைக் கீழே வைத்துப் பேசும் எழுத்தை இங்கே நின்று வாசிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சனம் எதை வைத்துக்கொண்டது, எதை விட்டது என்று பாருங்கள். தர்க்க நூல்களை இன்று ஆய்வாளரைத் தவிர யாரும் தொடுவதில்லை. மன்னாரில் யாருடைய அம்மம்மாவும் அவற்றை மனனம் பண்ணி வைத்திருக்கவில்லை. அழுகையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவருடைய கடைசி வருடங்கள் நெருக்கடியானவை. நரேந்திரசிங்கன் 1739இல் இறந்தான். அடுத்து வந்த அரசின் காலத்தில் கத்தோலிக்கருக்குக் கண்டியில் முன்பிருந்த இடம் இல்லை. கொன்சல்வேஸ் 1742 ஜூலை 17இல் போலவத்தையில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். வயது 66. இலங்கைக்கு வந்து 37 வருடங்கள். ஊருக்குத் திரும்பவேயில்லை.

அவர் நாடகம் எழுதினாரா என்றால், நாங்கள் இன்று நாடகம் என்று சொல்லும் அர்த்தத்தில் இல்லை. சிங்களப் பகுதியில் பாஸ்கு மரபின் ஊற்று அவருடைய துக்பிராப்தி பிரசங்கய என்ற நூல்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தமிழ்ப் பகுதியில் அந்த இடம் வியாகுலப் பிரசங்கத்துக்கு. அவர் கொடுத்தது கேட்பதற்கான ஒன்றை. அதைப் பார்ப்பதற்கான ஒன்றாக ஆக்கியது சனம். பிரசங்கம் வாசிக்கும்போது பின்னால் திரையை விலக்கிச் சுருபங்களைக் காட்டினார்கள். பிறகு கை கால் அசையும் மர உருவங்கள் வந்தன, உடக்குகள் என்பார்கள். திரைக்குப் பின்னால் நின்று ஆட்கள் கயிற்றை இழுக்க, யேசுவின் தலை சாயும், யூதர் சாட்டையை ஓங்குவார்கள், முன்னால் பிரசங்கம் பாடப்படும். உடக்குப் பாஸ் என்று பேசாலையில் இதற்குப் பெயர். (இந்த மாவட்டத்தில் பாஸ் என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. ஓமந்தையையும் வவுனியாவையும் தாண்டுவதற்கு இராணுவத்திடம் வாங்க வேண்டிய துண்டு. இரண்டுக்கும் வரிசையில் நின்றவர்கள் நாங்கள்.) உடக்குகளின் இடத்துக்குப் பிற்காலத்தில் மனிதர் வந்தார்கள். பிறகு பிள்ளைகளும்.

இந்த வழியோடு கூத்தும் கலந்தது. மன்னார் மாதோட்டப் பகுதியில் கத்தோலிக்கக் கூத்துக்கு ஆழமான வேர் இருக்கிறது. விடிய விடிய ஆடுவது நாடகம், அதைச் சுருக்கினால் வாசாப்பு. மழை பெய்ய வேண்டும், கொள்ளைநோய் போக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு ஊரே சேர்ந்து ஆடும். மூவிராசாக்கள், ஞானசவுந்தரி, என்றிக்கு எம்பரதோர் என்று நீளும் அந்தப் பிரதிகளில் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பதிப்பித்துக் காப்பாற்றினார். அண்ணாவியார் குடும்பங்களில் கொப்பி தகப்பனிடமிருந்து மகனுக்கு முதுசமாகப் போகும். ஒரே வேடத்தைப் பேரனும் பேரனுடைய பேரனும் ஆடிய குடும்பங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1965இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இந்த மரபை நவீன மேடைக்குக் கொண்டுபோனது தனிக்கதை.

எனக்கு இந்த மேடையோடு அறிமுகம் மடு அகதி முகாமில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தறப்பாள் கொட்டிலுக்கும் தண்ணீர் வரிசைக்கும் இடையில் எங்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. ஒரு கன்னியாஸ்திரி பிள்ளைகளைச் சேர்த்துப் பாலன் பிறப்பு நாடகம் பழக்கினார். நான் ஆடு. நிவாரணச் சாக்கை வெட்டி வெள்ளைப் பஞ்சு ஒட்டினார்கள். வசனம் கிடையாது, இரண்டு தடவை கத்த வேண்டும், அவ்வளவுதான். சத்திரத்தில் இடமில்லை என்று சூசையப்பரும் மாதாவும் கதவு கதவாகத் தட்டும் காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் ஏன் அழுதார்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. வீட்டுக்காரனாக நடித்த பையனுக்கு மீசை கழன்று விழுந்துவிட்டது.

அந்த மடுவில் 1999 நவம்பர் 20 இரவு, கோயில் வளவுக்குள் தஞ்சமிருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்து குழந்தைகளும் பெரியவர்களும் இறந்தார்கள். பேசாலை வெற்றிநாயகி ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்த சனத்தின் மேல் 2006 ஜூனில் குண்டு எறியப்பட்டது. 2008இல் மடுமாதாவின் சுருபத்தையே தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போக வேண்டி வந்தது. சுருபத்தோடு காட்டுக்குப் போன ஒல்லாந்தர் காலத்துக் குடும்பங்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், அதையே தாங்களும் நடந்து முடித்தார்கள். கொப்பிகள் எரிந்தன, உடுப்புப் பெட்டிகள் கைவிடப்பட்டன, அண்ணாவிமார் இறந்தார்கள். மீளக் குடியேறிய ஊர்களில் கூத்தை மறுபடி தொடங்கியபோது, எழுத்தில் எஞ்சியிருந்ததைவிட ஆட்களின் வாயில் எஞ்சியிருந்ததே அதிகம் என்று பல இடங்களில் சொன்னார்கள். கொன்சல்வேஸ் தன் காலத்தில் கணக்குப்போட்டு எழுதியது இப்படியொரு நாளுக்காகத்தான்.

இன்றைய சிறுவர் அரங்கில் குறைகளும் இருக்கின்றன. பல பங்குகளில் பாட்டை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து ஓடவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க வைக்கிறார்கள். சத்தம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் பிள்ளைக்கு ஒரு வரியும் மனதில் நிற்காது. போட்டிகளுக்கென்று பத்து நிமிடத்துக்குள் சுருக்குகிறார்கள். நன்றாகப் பாடும் ஐந்து பிள்ளைகள் மட்டும் ஒவ்வொரு வருடமும் மேடையில் நிற்கிறார்கள், மிச்சப் பிள்ளைகள் கதிரை அடுக்குகிறார்கள். வெளிநாட்டுக் காசில் வரும் மின்விளக்கும் செயற்கைப் புகையும் பிள்ளையின் முகத்தை மறைத்துவிடுகின்றன. இதையெல்லாம் சொன்னால் பழசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பார்கள். சொல்லட்டும்.

ஆனால் நான் போன அந்தக் கிராமத்தில் ஒலிப்பெட்டி இருக்கவில்லை. மறையாசிரியை ஒரு தையற்காரி. ஒத்திகைக்கு வந்த முப்பதளவு பிள்ளைகளில் கால்வாசிப் பேரின் வீட்டில் தகப்பன் இல்லை என்று அவர் கணக்குச் சொன்னார். சிலர் கடலில் போனவர்கள், சிலர் யுத்தத்தில், சிலர் கத்தாரில். தாய்மார் பின்னேரத்தில் மீன் வேலை முடித்துப் பிள்ளையைக் கூட்டிப்போக வருவார்கள், வந்தால் உடனே போகமாட்டார்கள். மணலில் இருந்து பார்ப்பார்கள். அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் பகல் முழுவதிலும் அவர்கள் பிள்ளையைச் சும்மா இருந்து பார்க்கும் நேரம். போதைப்பொருள் ஊருக்குள் வந்துவிட்டது, பெடியளை மாலையில் ஓரிடத்தில் வைத்திருக்க வேறு வழி தெரியவில்லை என்றும் மறையாசிரியை சொன்னார். யேசுவாக நடிப்பவனைத் தெரிவு செய்ததற்கும் காரணம் அதுதானாம், பாட்டு நன்றாக வருவதால் அல்லவாம். பக்கத்து வீட்டு முஸ்லிம் சிறுவர்கள் இருவர் மதிலில் ஏறி இருந்து பார்த்தார்கள். உரோமைச் சேவகனுக்கு ஆள் போதாமல் இருந்ததால் அவர்களில் ஒருவனை இறங்கி வந்து ஈட்டியைப் பிடிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவன் தாயிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி ஓடினான்.

இருட்டுப்பட்டதும் மறையாசிரியை பிள்ளைகளை நிறுத்தினார். படியில் இருந்த அம்மம்மா, வேறோணிக்கம்மாவின் பாட்டை நாளைக்குக் கொப்பி இல்லாமல் பாடிக்காட்ட வேண்டும் என்று அந்தச் சிறுமியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாழைத்தண்டுச் சிலுவையை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று இரண்டு பெடியள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். ஆடு தின்றுவிடும் என்பதால் அதைக் கோயிலுக்குள்ளேயே வைத்துப் பூட்டினார்கள்.